கந்தகம் அதிகம் எடுக்கிறது சீனான்னா, நம்ம மூட்டை விலையை ஏன் அபுதாபி முடிவு பண்ணுது?

கூடலூர்_பந்தல்:

வணக்கம். கம்பம் பள்ளத்தாக்குல உரம், மருந்துக் கடை. பன்னீர் திராட்சைக்குக் கவாத்து ஆரம்பிச்சாச்சு. இன்னும் மூணு வாரத்துல சாம்பல் நோய்க்கு ஆளாளுக்கு சல்பர் கேட்டு வந்து நிப்பாங்க. 80 சதவீத வெட்டபிள் சல்பரும் (தண்ணியில கலக்கி அடிக்கிறது) சரி, டஸ்ட்டும் (தூவுற தூள்) சரி, பழைய விலை இல்ல. கம்பெனி ஆளுகிட்ட கேட்டா "அபுதாபி ரேட்டு ஏறிடுச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சுடுறார்.

மூணு சந்தேகம். நெட்ல பார்த்தா உலகத்துலயே கந்தகம் அதிகமா எடுக்கிறது சீனான்னு போட்டிருக்கு. அதே சீனா கப்பல் கப்பலா வாங்குறதாவும் போட்டிருக்கு. எது சரி? ரெண்டாவது, குமுளி ஏறி அந்தப் பக்கம் இறங்குனா கொச்சி ரீஃபைனரி. அங்க கந்தகம் மலையா குவிஞ்சு கிடக்குங்கிறாங்க. அப்ப வளைகுடா விலை நமக்கு எதுக்கு? மூணாவது, அந்தக் கட்டியை டன் கணக்குல வாங்கி இங்கயே அரைச்சு டஸ்ட்டா வித்தா என்ன? மிளகாய் அரைக்கிற பல்வரைசர் மில்லு ஒண்ணு சும்மாதான் நிக்குது.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தூத்துக்குடி_பெர்த்:

சீனா பற்றிப் படித்த ரெண்டுமே சரிதான். "எடுக்கிறது" என்ற சொல்தான் ஆளைக் குழப்புகிறது.

உலகம் முழுக்க ஆண்டுக்கு 8 கோடி டன்னுக்குச் சற்று மேல் கந்தகம் உற்பத்தியாகிறது. சீனா 1.7 முதல் 1.9 கோடி டன். அமெரிக்கா 85 லட்சத்தை ஒட்டி. ரஷ்யாவும் சவூதியும் ஏறக்குறைய 70 லட்சம், அமீரகம் 60 லட்சம் சுமார், கனடாவும் கசகஸ்தானும் 50 லட்சத்துக்குப் பக்கம். நாம் 35 லட்சம். ஜப்பான், தென்கொரியா 30 லட்சத்தை ஒட்டி. நடுவில் உள்ள இடங்கள் வருஷத்துக்கு வருஷம் முன்னே பின்னே மாறும். சீனா முதலிடத்தில் இருப்பது மாறவில்லை.

ஆனால் இந்தக் கணக்கு எல்லா வடிவத்தையும் சேர்த்துப் போடுவது. தாமிரம், துத்தநாகம் உருக்கும்போது வரும் கந்தகப் புகையை அங்கேயே பிடித்துக் கந்தக அமிலமாக்கிவிடுவார்கள். அந்த அமிலத்துக்குள் இருக்கும் கந்தகமும் பட்டியலில் சேரும். சீனாவில் பைரைட் என்ற கந்தகம் கலந்த இரும்புக் கல்லை எரித்து அமிலம் எடுக்கிற பழைய வழியும் இன்னும் ஓடுகிறது, அதுவும் சேரும். ஆகவே சீனாவின் கணக்கில் ஒரு பெரிய பங்கு மஞ்சள் கட்டியாகக் கண்ணிலேயே படாது, மூட்டையிலும் ஏறாது. கட்டியாக வருவது சிச்சுவானில் உள்ள புகுவாங் போன்ற எரிவாயு வயல்களிலிருந்தும் ரீஃபைனரிகளிலிருந்தும். அது அவர்களுடைய பாஸ்பேட் உர ஆலைகள் பயன்படுத்தும் கந்தக அமிலத்துக்கே போதவில்லை. அதனால்தான் ஆண்டுக்கு 80 லட்சம் முதல் 1 கோடி டன் வரை வெளியே வாங்குகிறார்கள். முதல் உற்பத்தியாளரும் அவர்கள், முதல் வரிசை இறக்குமதியாளரும் அவர்கள்.

விலையைத் தீர்மானிப்பது எடுக்கிற அளவு அல்ல, சொந்தச் செலவு போக விற்க மிச்சம் இருக்கிற அளவு. அதில் அமீரகம் முன்னணி. அபுதாபியில் ஷா என்றொரு எரிவாயு வயல், 2015-ல் ஓட ஆரம்பித்தது. அங்கே வருகிற வாயுவில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தகம் சேர்ந்த நச்சு வாயுதான். கந்தகத்தைப் பிரித்தால்தான் வாயுவை விற்க முடியும். பிரித்ததை மணியாக்கி ரயிலில் ருவைஸ் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். எதிஹாத் ரயில்பாதையின் முதல் கட்டம் 264 கிலோமீட்டர், போட்டதே இந்தச் சரக்குக்காகத்தான். உள்ளூரில் செலவு குறைவு, கிட்டத்தட்ட எல்லாமே ஏற்றுமதி. அரசு எண்ணெய் நிறுவனமான அட்நாக் மாதாமாதம் இந்தியாவுக்கான விலையை அறிவிக்கும். உங்கள் கம்பெனி ஆள் சொல்கிற "அபுதாபி ரேட்டு" அதுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இன்று கந்தகத்துக்காகவே யாரும் கந்தகம் எடுப்பதில்லை என்றே சொல்லலாம். 1890-களில் லூசியானாவில் ஹெர்மன் ஃபிராஷ் காட்டிய வழி, பூமிக்குள் 165 டிகிரி நீரை அழுத்தி இறக்கிக் கந்தகத்தை உருக்கி, காற்றழுத்தத்தால் மேலே கொண்டுவருவது. நூறு வருஷம் ஓடியது. அமெரிக்காவில் கடைசிச் சுரங்கம் 2000-ல் மூடிவிட்டார்கள். போலந்தில் ஒசியெக் ஒன்று மிச்சம். இந்தோனேசியாவில் இஜென் எரிமலையில் கூடையில் கந்தகம் சுமக்கிற படங்களைப் பார்த்துவிட்டு "எரிமலைக் கந்தகம்தான் உலகத்துக்கே" என்று எழுதுகிறவர்கள் உண்டு. உலகக் கணக்கில் அது தூசு.

கட்டியாக வருகிற மற்றதெல்லாம் பெரும்பாலும் எண்ணெய், எரிவாயு சுத்தம் செய்யும்போது வருகிற கழிவு. விலை அஞ்சு மடங்கு ஆனாலும் அதற்காக யாரும் கூடுதல் வாயு எடுக்க மாட்டான். விலை சுத்தமாக விழுந்தாலும் உற்பத்தியை நிறுத்த முடியாது, வெளியே கட்டியாக அடுக்கி வைப்பான். கனடாவின் அல்பெர்ட்டாவிலும் கசகஸ்தானின் தெங்கிஸிலும் வீடு உயரத்துக்கு மஞ்சள் பாளம் அடுக்கியது அப்படித்தான். அதனால் இந்தச் சரக்கின் விலை ஒன்று தரையில் கிடக்கும், இல்லாவிட்டால் கூரையில் முட்டும். 2022 நடுவில் டன் 450 டாலருக்கு மேல் போய், சில மாதத்திலேயே 100 டாலர் பக்கம் விழுந்தது. 2024 ஆரம்பத்தில் 70, 80 டாலர். 2025 முடிவில் 400 தாண்டியது. சீனா, மொராக்கோவோடு இந்தோனேசியாவின் நிக்கல் ஆலைகளும் வாங்க வரிசையில் சேர்ந்துவிட்டன. தாதுவிலிருந்து நிக்கலைக் கரைத்தெடுக்க அவர்களுக்குக் கந்தக அமிலம் வேண்டும்.

கடைக் கணக்கு: 80 டாலர் 400 ஆனால் ஏற்றம் 320 டாலர். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் டன்னுக்கு 28,160, கிலோவுக்கு 28 ரூபாய் சொச்சம். ஒரு கிலோ 80 சதவீத மருந்தில் 800 கிராம் கந்தகம், ஆக மூலப்பொருள் ஏற்றம் 22, 23 ரூபாய். வரி, கப்பல், வழியில் சேதம் எல்லாம் சேர்த்தாலும் 30 தாண்டாது. அதற்கு மேல் கிலோவுக்கு 60, 70 ஏற்றியிருந்தால் அது அபுதாபி ஏற்றியது இல்லை. கம்பெனி ஆளிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

அம்பலமேடு_ஷிப்ட்:

கொச்சி விஷயத்தை நான் சொல்றேன். "மலையா கிடக்கு" என்பது கதை. ரீஃபைனரியில் கந்தகம் கிடக்க விட மாட்டாங்க. சேமிக்க இடமும் கம்மி, தீப்பிடிக்கிற சரக்கும் கூட.

முதலில் எவ்வளவு வரும்னு பார்ப்போம். கச்சா எண்ணெய்க்கு எண்ணெய் கந்தகம் மாறும். பாம்பே ஹையில் 0.2 சதவீதம்கூட இருக்காது, அரபு லைட் 1.8 பக்கம், பாஸ்ரா வகைகள் 3 சதவீதத்தை ஒட்டி. சராசரி 2 சதவீதம்னு வெச்சா, 1 லட்சம் டன் கச்சாவுக்குள்ள 2,000 டன் கந்தகம். அதுல ஒரு பங்கு பெட்கோக்கோட (கடைசியில் மிஞ்சுற எண்ணெய்க் கரி) போயிடும். மிச்சத்தைப் பிடிச்சே ஆகணும். பி.எஸ்-4 (பழைய வாகனப் புகை விதி) டீசலில் கந்தகம் 50 பி.பி.எம். (பத்து லட்சத்துக்கு 50 பங்கு) வரை விட்டிருந்தாங்க. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்-6, 10 பி.பி.எம்.தான். அதே வருஷம் ஜனவரியில் கப்பல் எண்ணெயிலும் 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறக்கினாங்க. ரீஃபைனரிகளில் கந்தகம் கூடினதுக்குக் காரணம் இந்த ரெண்டும்.

பிடிக்கிற முறை 1883-ல் கிளாஸ் காப்புரிமை எடுத்ததுதான், இன்னிக்கும் அதே வேதியியல். ஹைட்ரஜன் சல்பைடில் மூணில் ஒரு பங்கை மட்டும் உலையில் எரிச்சு கந்தக டை ஆக்சைடு ஆக்கணும். அது மிச்ச ரெண்டு பங்கோட சேர்ந்து கந்தகமும் தண்ணீரும் ஆகும். உலை 1,000 டிகிரிக்கு மேல. கந்தகத்தில் பாதிக்கு மேல உலையிலேயே வந்துடும், பாக்கி அலுமினா கேட்டலிஸ்ட் (வினையூக்கி) வழியா ரெண்டு மூணு கட்டமா. ரெண்டு கட்டத்தில் 95 சதவீதம் கிட்ட, மூணில் 97, கடைசியில் மிஞ்சுற வாயுவோட சுத்திகரிப்பும் சேர்ந்தா 99.9.

கோளாறு பெரும்பாலும் காற்று அளவில்தான். கடைசியில் வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு ரெண்டுக்கு டை ஆக்சைடு ஒண்ணுன்னு நிக்கணும். காற்று கூடினா கேட்டலிஸ்ட் சல்பேட் ஏறிச் சாகும், குறைஞ்சா கந்தகம் கையை விட்டுப் போகும். உள்ளே வரும் வாயுவோட எண்ணெய் ஆவி கலந்து, முழுசா எரியாம கரி ஆச்சுன்னா கந்தகம் மஞ்சளா வராது, சாம்பல் கறுப்பா வரும். அம்மோனியா எரியாம தப்பிச்சா குளிர்ந்த இடத்தில் உப்பாகிக் குழாயை அடைக்கும்.

உருகின கந்தகத்துக்கு ஒரு விசித்திர குணம். 119 டிகிரியில் உருகும், 125-லிருந்து 150 வரை தண்ணி மாதிரி ஓடும். 160-ஐ தொட்டா திடீர்னு வெல்லப்பாகு மாதிரி இறுகிடும், பம்ப் நிக்கும். அதாவது குளிர்ந்தாலும் அடைப்பு, கூடச் சூடானாலும் அடைப்பு. அதனால குழாய், வால்வு, லாரி டாங்கு எல்லாத்துக்கும் நீராவிச் சட்டை, அழுத்தம் 3, 4 கிலோவோட நிறுத்துவாங்க. ஒரு ஸ்டீம் ட்ராப் (குளிர்ந்த நீராவித் தண்ணியை வெளியேத்துற வால்வு) கெட்டா அந்த இடம் மட்டும் பாறையாகிடும். சுத்தியலால தட்டித் திறக்கிறதுன்னு ஒருத்தரும் நினைக்கக் கூடாது. உள்ள கரைஞ்சிருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு 300 பி.பி.எம். வரை இருக்கும், வாயு நீக்கி 10-க்குக் கீழ கொண்டுவந்த பிறகுதான் லாரியில ஏத்தணும். முட்டை நாத்தம் அடிக்கலைன்னா வாயு இல்லைன்னு அர்த்தம் இல்ல. 100 பி.பி.எம். தாண்டினா மூக்கு மரத்துப்போகும்.

இனி விலைக்கு வர்றேன். ரீஃபைனரிக்குக் கூப்பிடு தூரத்திலேயே ஃபாக்ட் உர நிறுவனத்தோட கொச்சி பிரிவு. உங்க கடையில விக்கிற ஃபாக்டம்பாஸ் 20-20-0-13 அவங்க சரக்கு, அந்த 13 கந்தகம். அமில ஆலைக்குக் கந்தகம்தான் சோறு: ஒரு டன் கந்தகத்துக்கு மூணு டன் அமிலம். அவங்க தேவைக்குத் துறைமுகம் வழியா இறக்குமதிச் சரக்கும் வருது. வாங்குறவனுக்கு இறக்குமதி என்ன விலைக்குக் கரை சேருதோ, அதுக்கு ரொம்பக் கீழ உள்ளூர்ச் சரக்கை யார் விப்பாங்க? இறக்குமதி விலையை ஒட்டியே டெண்டர் போகும். மலைக்கு இந்தப் பக்கம் எடுத்தாலும் அந்தப் பக்கம் எடுத்தாலும் விலை ருவைஸ்லதான் பிறக்குது.

தூத்துக்குடி_பெர்த்:

இதோடு ஒரு சேர்க்கை. நாம் ஒரே வருஷத்தில் கந்தகத்தை ஏற்றுமதியும் செய்கிறோம், 15 முதல் 20 லட்சம் டன் இறக்குமதியும் செய்கிறோம். பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். பெரிய ரீஃபைனரிகள் ஜாம்நகர் பக்கம், மேற்குக் கரையில். பெரிய பாஸ்பேட் ஆலைகள் பாராதீப், விசாகப்பட்டினம், காக்கிநாடா, கிழக்குக் கரையில். குஜராத்திலிருந்து ரயிலில் அங்கே கொண்டுபோவதைவிட வளைகுடாவிலிருந்து கப்பலில் நேராகக் கொண்டுவருவது பல சமயம் மலிவு. தமிழ்நாட்டில் மணலி ரீஃபைனரிச் சரக்கு இருக்கிறது. தூத்துக்குடி தாமிர ஆலை 2018-ல் மூடியதிலிருந்து அங்கே உபவிளைவாக வந்த அமிலம் நின்றுபோனது. அமிலம் எடுக்கக் கந்தகத்தின் தேவை அந்த அளவுக்கு ஏறியது.

டி.ஏ.பி. உரமும் இதே கதைதான். ஒரு டன் டி.ஏ.பி.க்கு 400 கிலோவுக்கு மேல் கந்தகம் வேண்டும். மேலே சொன்ன 28 ரூபாய் ஏற்றம் 50 கிலோ மூட்டையில் 550, 600 ரூபாய்க்கு வரும். மானியத்தால் அது விவசாயி கண்ணுக்குத் தெரிவதில்லை. மருந்துக் கந்தகத்துக்கு மானியம் இல்லை, அதனால் உங்கள் கடையில்தான் முதலில் சுடுகிறது.

கூடலூர்_பந்தல்:

அண்ணாச்சி, கிலோ கணக்கு ரொம்ப உபயோகம், இன்னிக்கே கம்பெனிக்குப் போன் போடுறேன். அம்பலமேடு அண்ணனுக்கும் நன்றி. அரைக்கிற விஷயத்தை யாருமே தொடலையே? மில்லுக்காரர் ரெடியா இருக்கார்.

திருவட்டாறு_தோட்டம்:

மில்லுக்காரரைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்க. மிளகாய் மில்லில் கந்தகம் அரைக்கவே கூடாது.

காற்றில் ஒரு கன மீட்டருக்கு 35 கிராம் கந்தகத் தூசு மிதந்தாலே வெடிக்கும். 3 மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள அறை 27 கன மீட்டர். 945 கிராம், அதாவது ஒரு கிலோகூட வேண்டாம். தூசு மேகம் பத்திக்க 190 டிகிரி போதும், சுத்தியல் பல்வரைசரில் ஒரு ஆணி மாட்டினால் தெறிக்கிற பொறி அதைவிடப் பல மடங்கு சூடு. கந்தகம் மின்சாரம் கடத்தாது. அரைக்கும்போதும் சல்லடையில் விழும்போதும் ஸ்டாட்டிக் ஏறும், நைலான் பை, பிளாஸ்டிக் குழாய் இருந்தால் இன்னும் கூடும். முறையான ஆலைகளில் உள்ளே நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனைக் குறைச்சு, எல்லா உலோகப் பாகத்தையும் எர்த் பண்ணி, வெடிப்பு வெளியேறக் கதவு வெச்சு அரைப்பாங்க. அப்புறம் அதே மில்லில் மிளகாய் அரைச்சா சாப்பிடுறவன் நிலைமை வேற.

வெடிக்காமலே அரைச்சீங்கன்னு வெச்சுக்குவோம், அது மருந்தாகாது. சாதா மில்லில் 100 மெஷ் (சல்லடைக் கண் அளவு), 150 மைக்ரான் வரும். தூவுற டஸ்ட் 325 மெஷ் தாண்டணும், அதாவது 45 மைக்ரானுக்குள்ள. தண்ணியில் கலக்குற 80 சதவீதக் குருணையில் துகள் சில மைக்ரான்தான். கந்தகம் இலையில் ஆவியாகித்தான் நோயைக் கட்டுப்படுத்துது, துகள் பத்து மடங்கு சின்னதானால் அதே எடைக்குப் பரப்பு பத்து மடங்கு. பெரிய துகள் இலையில் நிக்காமல் மண்ணில் உதிரும், காசும் அதோட போகும். மூணாவது, பூச்சிமருந்துச் சட்டம் 1968 படி கந்தகம் பதிவு வேண்டிய மருந்து. லைசென்ஸ் இல்லாமல் அரைச்சு மூட்டை கட்டினால் கடை லைசென்ஸும் சேர்ந்து போகும்.

விலை ஏறினதுக்கு விடை மலிவா அரைக்கிறது இல்ல, கிடைக்கிறதை வீணாக்காமல் போடுறது. திராட்சைக்கு நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்பர்) லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். 200 லிட்டர் டிரம்முக்கு 400 முதல் 600 கிராம். லேபிளில் போட்டிருக்கிற அளவுதான் கடைசி. டஸ்ட்டானால் ஹெக்டேருக்கு 6 முதல் 12 கிலோ, ஏக்கருக்கு ரெண்டரையிலிருந்து 5. காலையில் பனி ஈரம் இலையில் இருக்கும்போது, காத்து எழும்புறதுக்கு முன்னாடி தூவணும். பத்து மணிக்கு மேல் தூவினால் பாதி பக்கத்துப் பந்தலுக்கு.

வெயில்தான் இதுக்கு எஜமான். 18 டிகிரிக்குக் கீழ ஆவியாகாது, போட்டும் பலன் தெரியாது. 25 முதல் 30-ல் நல்லா வேலை செய்யும். 32, 33 தாண்டினால் இளந்தளிரும் பிஞ்சும் கருகும். சித்திரை வெயிலில் "மருந்து சரியில்லை"ன்னு கடைக்குத் திரும்பி வர்ற இலை முக்கால்வாசி இப்படிக் கருகினது. எண்ணெய் கலந்த மருந்து அடிச்சிருந்தால் ரெண்டு வாரம் தள்ளித்தான் கந்தகம். காய் நிறம் மாறின பிறகு அடிச்சால் பன்னீர் திராட்சையின் நீலச் சாம்பல் பூச்சுமேல வெள்ளைப் புள்ளி படியும், சந்தையில் விலை குறையும்.

எங்க பக்கம் ரப்பருக்கும் இதேதான். இலை உதிர்ந்து புதுத்தளிர் வரும்போது ஒய்டியம் (ரப்பரோட சாம்பல் நோய்) விழும். ஹெக்டேருக்கு ஒரு சுற்றுக்கு 11 முதல் 14 கிலோ, 7 முதல் 14 நாள் இடைவெளியில் மூணிலிருந்து அஞ்சு சுற்று, கந்தகம் 70 பங்குக்கு டால்க் 30 பங்கு சேர்த்துக்கலாம். டால்க் சேர்த்தால் கட்டி பிடிக்காமல் டஸ்டரில் சீரா வரும்.

மண்ணுக்குப் போடுற 90 சதவீத பென்டோனைட் (களிமண் கலந்த) கந்தகத்தைக் கரைச்சு அடிச்சு நாசிலை அடைக்கிறவங்களும் இருக்காங்க, கடையிலேயே சொல்லிக் கொடுத்திடுங்க. அது மண்ணில் ஊறி, உடைஞ்சு, பாக்டீரியா சல்பேட்டா மாத்த வாரக் கணக்காகும். ஏலத்தோட்டக்காரர் கேட்டால் பி.எச். பார்க்காமல் கொடுக்காதீங்க. வண்டன்மேடு பக்கம் மண்ணு ஏற்கெனவே புளிப்பு. 1 கிலோ கந்தகம் உண்டாக்குற அமிலத்தை ஆத்த 3 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேணும்.

கூடலூர்_பந்தல்:

மில்லு யோசனையை விட்டாச்சு. கடைசியா ஒண்ணு. விலை இன்னும் ஏறும்னா ஒரு லோடு சல்பர் முன்கூட்டியே வாங்கி குடோன்ல வைக்கலாமா? 13-0-45, யூரியா எல்லாம் அங்கதான் இருக்கு.

அம்பலமேடு_ஷிப்ட்:

13-0-45-ஓட வைக்காதீங்க. அது பொட்டாசியம் நைட்ரேட், வெடியுப்பு. கந்தகமும் கரியும் சேர்ந்தா சிவகாசியில் அதுக்கு வேற பேரு. கிழிஞ்ச ரெண்டு மூட்டை தரையில் ஒண்ணா கொட்டி, மேல லோடுமேன் பீடித் துண்டு விழுந்தா முடிஞ்சுது. தனி அறை, நடுவில் செங்கல் சுவர். இடம் இல்லைன்னா சல்பரை வாங்கவே வேணாம், வாரா வாரம் எடுத்துக்குங்க.

தனி அறை இருந்தா: ஓலைத் தட்டியோ கட்டையோ போட்டு அதுமேல அடுக்கணும். ஈரம் பட்ட கந்தகம் தகர ஷட்டர், இரும்புத் தூண் அடியை அரிக்கும். கொட்டினதை இரும்பு மண்வெட்டியால சுரண்டாம, லேசா தண்ணி தெளிச்சு பிளாஸ்டிக் முறத்தால அள்ளணும், காஞ்ச துடைப்பம் போட்டா தூசு கிளம்பும். தீப்பிடிச்சா நீலமா எரியும், பகல் வெளிச்சத்துல தெரியவே தெரியாது, மூச்சு அடைக்கிறதுதான் முதல் அடையாளம். பீய்ச்சி அடிக்காம தண்ணியைப் பூவாத் தூவணும். பீய்ச்சினா தூசு எழும்பி அதுவும் பத்தும்.

தூத்துக்குடி_பெர்த்:

பதுக்குகிற யோசனைக்கு இது மட்டும்: 2022-ல் 450-க்கு வாங்கி அடுக்கினவர்கள் அதே வருஷம் 100-க்கு விற்றார்கள். மூன்று வாரத்துக்கு வேண்டியதை வாங்கிப் போடுங்கள், போதும்.